ஓடாத வண்டிக்குச் சார்ஜ்

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் மோட்டார் சைக்கிள் உறும வேண்டும். என் அக்காவின் வண்டி பல்லி மாதிரிச் சொன்னது. டிக், டிக், டிக், டிக். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், நான்கு மாடிக் குடியிருப்பின் கீழே, தூண்களுக்கு நடுவே இருட்டாக இருக்கும் வண்டி நிறுத்துமிடத்தில் அந்தச் சத்தத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பல்லி சொன்னால் திசைக்கு ஒரு பலன் உண்டு என்பார்கள். இந்தப் பல்லி எந்தத் திசையில் நின்று சொன்னாலும் பலன் ஒன்றுதான்: பேட்டரி செத்துவிட்டது, தம்பியைக் கூப்பிடு. அசோக் நகரிலிருந்து நான் கிளம்பிப் போவேன். ஹெல்மெட்டைக் கையில் தூக்குவாளி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு அக்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். "போன வாரம் நல்லாத்தான்டா இருந்துது" என்பாள். இறந்தவர்களைப் பற்றித் துக்க வீட்டில் சொல்வதும் அதைத்தானே.

அக்கா ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை பஸ்ஸில்தான் போனாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பா இடுப்பில் இடிக்க, பின்னாலிருந்து எவன் கை வருகிறது என்று ஒரு கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு நின்ற பயணங்கள். ஓய்வு பெற்றதும் காசிக்குப் போவாள், இல்லை கழுத்துக்கு ஏதாவது செய்துகொள்வாள் என்று உறவினர்கள் நினைத்தார்கள். அவள் கியர் வைத்த மோட்டார் சைக்கிள் வாங்கினாள். கருநீலம். பெட்ரோல் டேங்க்கின் மேல் வெயில் பட்டால் அது கறுப்பா நீலமா என்று நமக்கே சந்தேகம் வரும். ஸ்கூட்டர் போதுமே என்றேன். "ஸ்கூட்டர் காய்கறி வாங்க. இது போறதுக்கு" என்றாள்.

பெசன்ட் நகர்ப் பக்கம் விடியற்காலையில் தெருக்கள் காலியாக இருக்கும்போது நான்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதுகை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு உட்கார்ந்தது போல ஓட்டுவாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால், எதிரே நாய்கூட இல்லாவிட்டாலும், ஒரு ஹார்ன். அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவருக்குச் சைக்கிள்கூடச் சரியாக ஓட்ட வராது. "இத்தனை வருஷம் அவ எனக்குப் பின்னாடி நடந்தா. இனிமே நான் அவ பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று சொல்லி, சொன்னபடியே உட்கார்ந்தும் காட்டினார். கோவளம் வரை ஒரு முறை போய் வந்தார்கள். திரும்பி வந்த மாமாவின் தலைமுடி முழுக்கக் கடற்காற்றில் நட்டுக்கொண்டு நின்றது. அடுத்து பாண்டிச்சேரி என்றார்கள்.

வண்டி வாங்கி ஒரு தீபாவளிகூட வரவில்லை. ஒரு காலை முகம் மழித்துக்கொண்டிருந்த மாமாவின் கையிலிருந்து ரேசர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் போயின. அவற்றோடு பேச்சும் போனது. முழுதாகப் போயிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாமோ என்று பிறகு எனக்குத் தோன்றியதுண்டு. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "இரு."

தண்ணீர் வேண்டுமென்றாலும் இரு. முதுகு அரித்தாலும் இரு. தொலைக்காட்சியில் சத்தம் அதிகமென்றாலும் இரு, இரு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள்: சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நின்றுவிடும், வாயைத் திறந்தால் அதுதான் வரும், அதற்கும் அவர் நினைப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று இல்லை. அக்கா தலையாட்டினாள். அந்தப் பெண் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "அர்த்தம் இல்லன்னு சொல்றாங்க. ஆனா நான் வாசக்கதவைத் திறக்கறப்ப அவரு 'இரு'ன்னா, எனக்கு அது தமிழாத்தான்டா கேக்குது."

ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த மாதங்களில் வண்டியை யாரும் நினைக்கவில்லை. உறையைப் போர்த்திக்கொண்டு தூணோரமாக நின்றது. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்து அக்கா கீழே போய்ப் பொத்தானை அழுத்திய அன்றுதான் பல்லி முதல் முறை சொன்னது. பழைய வண்டியாக இருந்தால் உதைத்துக் கிளப்பலாம். இதில் கிக்கரே கிடையாது. நானும் காவலாளியும் தெருமுனை வரை தள்ளிப் பார்த்தோம். பெட்ரோலை ஊசிபோலத் தெளிக்கும் இந்தப் புது வண்டிகளில் அதற்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு காலியாக இருந்தால் தள்ளுவதும் வீண் என்பது, சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது.

மந்தைவெளியிலிருந்து மெக்கானிக் வந்தான். வண்டியைச் சுற்றி வந்து, "இன்னாம்மா, ஓட்டாம வெச்சிருந்தா இன்னா ஆவும்? டெய்லி ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவுடு. ஜம்முனு இருக்கும்" என்றான். புது பேட்டரியும் போட்டான். அக்கா எதையும் சொன்னபடி செய்கிறவள். தினமும் காலையில், மாமாவுக்குக் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வண்டியைக் கிளப்பி, பக்கத்திலேயே நின்று, அணைத்துவிட்டு மேலே ஓடினாள். புகை வருகிறது என்று முதல் மாடிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பல வாரம் இந்தப் பூஜை நடந்தது. புது பேட்டரியும் செத்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வண்டியைக் கிளப்புவதற்குப் பேட்டரி ஒரேயடியாகத் தன் பலத்தைக் கொட்டுகிறது. நின்ற இடத்தில் சில நிமிடம் ஓடும் என்ஜின் அதைத் திருப்பித் தருவதில்லை. கைமாற்று வாங்கியவன் தினமும் வந்து கொஞ்சம் கொடுத்து நிறைய வாங்கிப் போவது போலத்தான். போதாததற்கு, நிற்கும் வண்டியும் கடிகாரத்துக்கு, வேறு எதெதற்கோ என்று துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அக்கா தினமும் செய்தது பேட்டரியைக் காப்பாற்றும் வேலை இல்லை. மெல்ல மெல்லக் கொல்லும் வேலை. சும்மா விட்டிருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். வழி என்ன என்றால், வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"அரை மணி நேரமா?" என்றாள் அக்கா. "அரை மணி நேரம் எனக்கு எங்கடா இருக்கு?"

அது உண்மை. உதவிக்கு வைத்த பெண்கள் யாரும் நிலைக்கவில்லை. அக்கா பார்வையிலிருந்து மறைந்த சில நிமிடங்களில் மாமாவின் 'இரு' தொடங்கும். முதலில் மெதுவாக, பிறகு உரக்க, பிறகு கழுத்து நரம்பு புடைக்க. இடது கையால் கட்டிலின் கம்பியை அடிப்பார். மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்து, "அந்த வண்டிய முதல்ல வித்துடும்மா, டென்ஷன் ஒண்ணு கொறையும்" என்பான். அக்கா சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் பேச்சை முடிப்பாள்.

சரி, ஓட்ட முடியாவிட்டால் சார்ஜர் இருக்கிறது. சுவரில் செருகிவிட்டால் பேட்டரி நிரம்பியதும் தானே அடங்கி, குறையும்போது தானே கொஞ்சம் ஊட்டும் சின்னக் கருவி. ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. செருகி, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக வீடு திரும்பினேன். மறுநாள் காலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைப் பிடுங்கி அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"அது காமன் மீட்டர் சார்" என்றார். "இன்னிக்கு நீங்க பேட்டரிக்குப் போடுவீங்க. நாளைக்கு ஒருத்தர் எலக்ட்ரிக் கார் வாங்கிட்டு வந்து நிப்பார். நான் எல்லாருக்கும் பதில் சொல்லணும் இல்ல?"

"இது ராத்திரி பூரா எரியற வராண்டா லைட் அளவுகூட இழுக்காது சார். வேணும்னா அதுக்குத் தனியா குடுத்துடறோம்."

"குடுக்கறது பிரச்சினை இல்ல. வழக்கம் ஆயிடும்."

அந்தக் குடியிருப்பின் பொதுக்குழுவில் இதற்காக ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் அன்பாக விசாரித்தார்கள். பிளக்கை மட்டும் யாரும் தரவில்லை. எழுந்து வரும்போது ஒருவர் என் தோளைத் தொட்டு, "எதுக்கு சார் இந்த வயசுல அவங்களுக்கு வண்டி?" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கடைசியில் பேட்டரியையே மேலே கொண்டுபோவது என்று ஆயிற்று. சீட்டைத் திறந்து, கறுப்பு வயரை முதலில், சிவப்பை அடுத்து என்று கழற்றுவதை அக்கா கற்றுக்கொண்டாள். மாட்டும்போது சிவப்பு முதலில். யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பையில் அதை நிமிர்த்தி வைத்து, லிப்ட் வேலை செய்கிற நாட்களில் லிப்ட்டிலும் மற்ற நாட்களில் மூச்சிரைக்கப் படியேறியும் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோவாள். பால்கனியில் வாஷிங் மெஷின் பிளக்கில் சார்ஜர். கடல் பக்கத்திலேயே இருப்பதால் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்துவிடும். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, மாமாவின் வறண்ட உதட்டுக்குத் தடவும் வாசலினிலிருந்தே ஒரு விரல் எடுத்துத் தடவுவாள். பால்கனிப் பக்கம் சக்கர நாற்காலியைத் திருப்பிவைத்தால் மாமா அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அது பச்சையாகும்போது ஒரு 'இரு' சொல்வார். அதற்கு அர்த்தம் உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

இதற்குப் பிறகும் அது சாகாமல் இல்லை. மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் செத்தது. பெருமழையில் கீழே முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது செத்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்துக்குப் போன் வரும். பேசிக்கொண்டே வராண்டாவுக்கு நான் நகர்வதைப் பார்த்து, "அக்காவுக்கு மறுபடியும் உடம்பு சரியில்லையா?" என்று மேலாளர் ஒருநாள் கவலையோடு கேட்டார். வண்டிக்கு என்று எப்படிச் சொல்வது? ஆமாம் சார் என்றேன்.

அன்று மாலை மயிலாப்பூரில் நான் கத்திவிட்டேன். "ஓட்டாத வண்டிக்கு ஏன்க்கா இந்தப் பாடு? வித்துத் தொலையேன்!"

அக்கா மாமாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இந்த வீட்ல சார்ஜ் போட்டா எழுந்து வர்றது அது ஒண்ணுதான்டா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய் மாமாவின் கட்டில் அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "நான் இருக்கேன். நீ போ. அடையாறு தாண்டி, திருவான்மியூர் வரைக்கும் போயிட்டு வா. அரை மணி நேரத்துக்கு முன்னாடி வந்தா உள்ள விட மாட்டேன்" என்றேன். வெகுநேரம் தயங்கி, பிறகு சுடிதார் மாற்றிக்கொண்டு போனாள். கீழே என்ஜின் பிடித்த சத்தம் கேட்டதும் எனக்கே ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

மாமா தொடங்கினார். இரு. இரு. தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டார். கையைப் பிடித்தேன், உதறினார். சிரித்துக்கொண்டே வண்டியின் பின்னால் உட்கார்ந்து கோவளம் போன மனிதர், அதே வண்டியில் அவள் போனதற்கு இப்படிக் கதறுகிறாரே என்று எனக்கு அவர் மேல் கோபம். கோபப்பட முடியாதவர் மேல் வரும் கோபம் மாதிரி ஒரு வேதனை வேறு கிடையாது. ஆனால் சிறிது நேரத்தில் அவர் சட்டென்று அடங்கினார். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. கீழே ஏதோ வண்டி போன சத்தம். அது தேய்ந்ததும் மறுபடி இரு. மறுபடி ஒரு வண்டி, மறுபடி அமைதி. ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் எத்தனையோ வண்டிகள். திருப்பத்துக்கு முன்னால் அடித்த ஹார்னைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் வண்டி கீழே வந்து நின்றதும் நான் இறங்கிப் போனேன். காவலாளி சிரித்தார். "அம்மா எங்கயும் போவல சார். இங்கியே சுத்திக்கினு இருந்தாங்க. நாலு தெருவையும் சுத்தி சுத்தி. பூக்கடைக்காரம்மா, அட்ரஸ் தெரியாம அலையறாங்களோன்னு கேட்டுது."

"ஏன்க்கா?" என்றேன்.

"சத்தம் கேட்டா அவரு சும்மா இருப்பார்னு தோணுச்சு" என்றாள். "இருந்தாரா?"

இருந்தார் என்று சொன்னேன். முழுதும் உண்மை இல்லை, பொய்யும் இல்லை. பிறகு சீட்டைத் திறந்து வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அந்தச் சந்துகளில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்ததில் பேட்டரி ஒரு பொட்டுக்கூட ஏறியிருக்கவில்லை. அரை மணி நேரம் அந்த மனிதரோடு நான் பட்ட பாடும் அவள் போகாமல் போன போக்கும் சேர்ந்து அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒன்றுமே சேர்க்கவில்லை. வண்டியை ஓங்கி ஓர் உதை விட்டிருப்பேன். அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள், விட்டுவிட்டேன். அவள் முகம் காற்றுப் பட்டுச் சிவந்திருந்தது.

அப்படியே நடந்தன ஞாயிற்றுக்கிழமைகள். நான் மேலே, அவள் கீழே தெருக்களில். திருவான்மியூர் என்று நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவளாகவே லஸ் வரை போனாள். ஒருமுறை அடையாறு பாலம் வரை போய்விட்டு, பாலத்தில் ஏறாமல் திரும்பினாள். மாமாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. இரு என்பது 'ரு' என்றாகி, பிறகு உதடு மட்டும் அசைந்தது. ஒரு மார்கழிக் காலையில், அக்கா அருகிலேயே உட்கார்ந்திருக்க, அவர் போனார்.

இனி அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். காரியமெல்லாம் முடிந்து, உறவினர்கள் கலைந்து, ஒரு மாதம் போல ஆனதும் அக்காவே பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பினாள். ஸ்டாண்டை எடுத்து நிமிர்த்தினாள். வண்டி அவளோடு சேர்ந்து சாய்ந்தது. நானும் காவலாளியும் ஓடிப் பிடித்தோம். அடி ஏதுமில்லை. ஆனால் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கனத்த உடம்பைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கித் தூக்கித் தோளில் தசை கிழிந்திருந்தது. வலியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எலும்பு மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு எடையுள்ள வண்டி வேண்டாம்மா" என்றார். கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் என் மேல் எரிந்து விழுந்தாள், ஆட்டோ கூப்பிடத் தாமதமாயிற்று என்று. நான் ஆட்டோக்காரர் மேல் விழுந்தேன். வேறு யார் மேல் விழுவது?

வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இவ்வளவு காலம் அதைச் செத்துச் செத்துப் பிழைக்க வைத்தவன் என்ற உரிமையில்தான் சொன்னேன். "உனக்கு எதுக்குடா? நீ ஞாயித்துக்கிழமை தொடச்சு வெப்ப" என்றாள். வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டது ஒரே கேள்வி: தினமும் ஓட்டுவீர்களா? தி. நகரிலிருந்து வந்த ஒருவர் டேங்க்கைத் தடவிப் பார்த்து, வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, இதை வார இறுதியில் எடுப்பேன் என்றார். "வேணாம்பா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். கடைசியில் பட்டினப்பாக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் தன் அம்மாவோடு வந்தாள். அம்மா மீன் விற்பவர்; கூடையை வாசலிலேயே இறக்கி வைத்தார்.

"டெய்லி ஓடும் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "ஈக்காட்டுத்தாங்கல்ல வேலை. ரெண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள உயிர் போயிடுது."

"காத்தால போனா இருட்டுனப்புறம்தான் வருது" என்றார் அம்மா. "மழையா இருந்தாலும் வுடாது. ஓட்டிக்கினே இருக்கும், நீ பயப்படாதம்மா."

அக்கா சாவியைக் கொடுத்தாள். சார்ஜரையும் கொடுக்கப் போனாள். அந்தப் பெண், "இது எதுக்கு ஆன்ட்டி?" என்றாள். அக்கா, "உனக்கு வேணாம்" என்று சொல்லித் திருப்பி எடுத்துக்கொண்டாள். வண்டி தெருமுனையில் ஹார்ன் அடிக்காமலே திரும்பிப் போனது.

இப்போது அக்கா வீட்டில் இருப்பதே இல்லை. போன வாரம் ஒருநாள் மதியத்திலிருந்து போன் செய்கிறேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே வருகிறது. பயந்துபோய் அலுவலகத்தில் சொல்லிவிட்டு மயிலாப்பூருக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. "காலைலயே கெளம்பிட்டாங்க சார். எங்கம்மான்னா, வரேன்னு சொல்லிக்கினே போறாங்க" என்றார் காவலாளி. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள். முந்தானை கசங்கியிருந்தது, முகத்தில் வெயில் ஏறியிருந்தது. திருப்போரூர் வரை போனாளாம், அங்கே வேறு பஸ் நின்றதாம், அது எங்கே போகிறது என்று பார்க்கலாமென்று ஏறினாளாம்.

"போன் என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

"சார்ஜ் இல்லடா."

"போட்டுட்டுப் போனா என்ன?"

"எப்பப் பாரு எதுக்காவது போட்டுக்கிட்டே இருக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, செருப்பை உதறிக் கழற்றி, முகம் கழுவப் போனாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மேசைமேல் அவள் போட்டுவிட்டுப் போன போனை எடுத்து, வயரைத் தேடிச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்தேன்.